பிராமை நிறுத்தினால் விருந்து நின்றுவிடுமா?

இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ஆண்டிறுதி நடன விழாவான 'பிராம்' பற்றியே பேசுகின்றன. எனவே இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் மகள் நியூஜெர்சியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். சென்ற ஆண்டு பிராம் முடிந்ததும் மாணவர்கள் சிலர் கடற்கரையில் வாடகைக்கு எடுத்த வீட்டில் இரண்டு நாள் தங்கிக் குடித்துக் கூத்தடித்து, அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிடும் அளவுக்குப் போய்விட்டது. இந்த ஆண்டு பிராமையே ரத்து செய்யலாமா என்று பள்ளி யோசிக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் கருத்துக் கேட்கப் போகிறார்கள். 'விட்டது சனியன்' என்கிறார் என் கணவர். மகளோ இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. கூட்டத்தில் நான் எந்தப் பக்கம் பேசுவது?
– ஒரு தாய், நியூஜெர்சி

பதில்: ரத்து செய்ய வேண்டாம் என்றே பேசுங்கள். ஆனால் உங்கள் கணவரின் எரிச்சலில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

பிராம் என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவது உண்மையில் மூன்று நிகழ்ச்சிகள். உடை, ஒப்பனை, மணிக்கட்டில் கட்டும் பூங்கொத்து, புகைப்படம், லிமோசின் என்று மாலையில் நடப்பது ஒன்று. பள்ளியின் ஏற்பாட்டில் மண்டபத்தில் நடக்கும் நாலு மணி நேர நடனம் இரண்டாவது. அது முடிந்தபின் விடியும்வரை, சில சமயம் சனி ஞாயிறு முழுவதும், நீளுவது மூன்றாவது. இந்த மூன்றில் பள்ளியின் கையில் இருப்பது நடுவில் உள்ள நடனம் மட்டுமே. ஆக அடக்கமானதும் அதுதான். வாசலில் பையைத் திறந்து பார்க்கிறார்கள், சில பள்ளிகளில் மூச்சை ஊதச் சொல்லி மதுச் சோதனையும் செய்கிறார்கள், ஒருமுறை வெளியே போனவரை மறுபடி உள்ளே விடுவதில்லை, சுவரோரமாக ஆசிரியர்கள் நிற்கிறார்கள். நீங்கள் எழுதியிருக்கும் கலாட்டா மூன்றாவது நிகழ்ச்சியில் நடந்தது. நிறுத்தப் போவதாகச் சொல்வதோ இரண்டாவதை.

நடை ஊர்வலத்தைக் குறிக்கும் 'பிராமனாட்' என்ற சொல்லின் சுருக்கமே பிராம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வடகிழக்கு அமெரிக்கக் கல்லூரிகளில் நயத்தக்க நடத்தையைப் பழக்கும் விழாவாகத் தொடங்கியது, அடுத்த நூற்றாண்டின் முற்பாதியில் உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பரவியது, 1950-களில் வசதி பெருகியதும் ஓட்டல் மண்டபங்களுக்குப் போனது. ஆடம்பரம் அப்போதே கூடவே போய்விட்டது.

ஆடம்பரத்துக்காகவே பிராமை ரத்து செய்து நாடு முழுவதும் பேசப்பட்ட பள்ளி, நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்டின் யூனியன்டேல் ஊரில் உள்ள கெல்லன்பெர்க் மெமோரியல் என்ற கத்தோலிக்கப் பள்ளி. அங்கே மாணவர்கள் 46 பேர் சேர்ந்து, பிராமுக்குப் பிந்தைய விருந்துக்காக, பணக்காரர்கள் கோடையைக் கழிக்கும் ஹாம்ப்டன்ஸ் பகுதியில் 20,000 டாலர் வாடகைக்கு ஒரு வீட்டைப் பேசி, 10,000 டாலர் முன்பணமும் கட்டிவிட்டார்கள். செய்தி தெரிந்ததும் பள்ளி தலையிட்டு அந்த ஏற்பாட்டைக் கைவிடச் செய்தது. பணம் திரும்பி வந்தது, பிராமும் நடந்தது. ஆனால் பெற்றோர் சிலர் விடாமல் தாங்களே ஹாம்ப்டன்ஸில் ஒரு வீட்டை எடுத்துக் கொடுத்தார்கள். அதன்பின் 2005-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் பள்ளி முதல்வர் பிரதர் கென்னத் ஹோக்லண்ட் பெற்றோருக்குக் கடிதம் எழுதி, அடுத்த வசந்தத்தில் நடக்கவிருந்த பிராமை ரத்து செய்தார்.

அந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மதுவும் போதையும் பாலுறவும் கவலைக்குரியவைதாம், ஆனால் முதன்மையான காரணம் அவை அல்ல என்றார் அவர். செல்வத்தைப் பறைசாற்றுவதும், வீண் பெருமைக்காகவே வீண் பெருமையைத் தேடுவதும்தான் தம்மை உறுத்துகின்றன என்று எழுதினார். எளிய வாழ்வைப் போதிக்கும் துறவியர் நடத்தும் பள்ளி, தன் போதனைக்கு நேர் எதிரான ஒன்றுக்குத் தன் பெயரைத் தர மறுப்பதை நான் மதிக்கிறேன். அவர் குற்றம் சாட்டியது பிள்ளைகளை விடப் பெற்றோரைத்தான் என்பதையும் சேர்த்து மதிக்கிறேன்.

உங்கள் பள்ளியின் காரணம் அதுவல்லவே. மாணவர்கள் குடித்தார்கள், போலீஸ் வந்தது, பள்ளியின் பெயர் கெட்டது என்பதுதான் அங்கே பேச்சு. அதற்கு நடனத்தை நிறுத்துவது, பக்கத்து வயலில் மாடு மேய்ந்ததற்கு நம் வீட்டுத் தொழுவத்தை இடிப்பது போன்றது. பதினேழு வயதுப் பையனை நம்பிக் கடற்கரை வீட்டின் சாவியை யாரும் பொதுவாகத் தருவதில்லை. பெரியவர் ஒருவரின் கையெழுத்து எங்கோ இருந்தே ஆக வேண்டும். கூட்டத்தில் பேச எழுந்ததும் முதலில் அதைக் கேளுங்கள்: சென்ற ஆண்டு அந்த வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டவர் யார்? அவர் அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கவும் கூடும்.

கேள்வி: பள்ளி நிறுத்திவிட்டால் பிள்ளைகள் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். இது தவறா?
– ஒரு தந்தை, டெக்சாஸ்

பதில்: தவறு என்றே நினைக்கிறேன். பள்ளி கைகழுவிய பிராம் எங்கே போகும் என்பதற்கு அமெரிக்கத் தென்மாநிலங்களில் நீண்ட அனுபவம் இருக்கிறது. காரணம் வேறு, மிகவும் அசிங்கமான காரணம். ஆனால் நடந்த விதம் நம் கேள்விக்கு அப்படியே பொருந்துகிறது.

மிசிசிப்பியின் சார்ல்ஸ்டன் ஊரில் 1970-இல் வெள்ளை மாணவரும் கறுப்பு மாணவரும் ஒரே பள்ளிக்கு வந்தார்கள். ஆனால் பள்ளி சார்பில் பொதுவான பிராம் நடக்கவில்லை. வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒன்று, கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்று என்று பெற்றோர்கள் தனித்தனியே நடத்தினார்கள். அந்த ஊரோடு தொடர்புள்ள நடிகர் மார்கன் ஃப்ரீமன், எல்லாரும் சேர்ந்து ஆடுவதானால் செலவை நான் ஏற்கிறேன் என்று 1997-இலேயே சொல்லிப் பார்த்தார். யாரும் அசைந்து கொடுக்கவில்லை. 2008-இல்தான் அது நிறைவேறியது. ஜார்ஜியாவின் வில்காக்ஸ் கவுன்டியில் மாணவர்களே முயன்று எல்லாருக்குமான பிராமை நடத்திய ஆண்டு 2013. ஒரு தலைமுறைக்கும் மேலாக அந்த ஊர்களில் பள்ளி விலகி நின்றது, பிராம் மட்டும் ஓர் ஆண்டும் நிற்கவில்லை.

இன்னொன்று, 2010-இல் அதே மிசிசிப்பியின் இட்டவாம்பா கவுன்டியில் நடந்தது. கான்ஸ்டன்ஸ் மெக்மில்லன் என்ற மாணவி தன் தோழியை இணையாக அழைத்துவர அனுமதி கேட்டார். அனுமதிப்பதை விட பிராமையே நடத்தாமல் இருந்துவிடலாம் என்று பள்ளி வாரியம் முடிவெடுத்தது. வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. மாணவியின் உரிமை மீறப்பட்டது என்று நீதிபதி சொன்னார், ஆனால் பெற்றோர்கள் தனியாக ஒரு பிராம் நடத்தவிருப்பதால் பள்ளியைக் கட்டாயப்படுத்தவில்லை. கடைசியில் மெக்மில்லன் போன இடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே இருந்தார்கள். மற்றவர்கள் வேறொரு இடத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். பின்னர் கல்வி வட்டாரம் 35,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

பள்ளி நடத்தும் பிராமில் நுழைவுச் சீட்டு வாங்கினால் எவரும் வரலாம். தனியார் கைக்குப் போனால் அழைப்புப் பட்டியல் யாரோ ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தயாராகும். அந்தப் பட்டியலில் விடுபடுபவர்கள் எப்போதும் ஒரே மாதிரியானவர்கள்தாம்: கூச்ச சுபாவிகள், புதிதாக வந்து சேர்ந்தவர்கள், பணமில்லாதவர்கள். புலம்பெயர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்த மூன்றிலும் அடங்குவார்கள் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. குடிக்கிற கூட்டமோ அந்தப் பட்டியலில் முதல் வரியில் இருக்கும்.

கேள்வி: ஆடம்பரம் கிடக்கட்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் உயிர் போய்விடுமே? ஓர் உயிரைக் காப்பாற்ற ஒரு நடனத்தை நிறுத்தினால் என்ன?
– ஒரு வாசகி, இலினாய்

பதில்: இந்தக் கவலையின் முன் மற்ற வாதங்கள் எல்லாம் சிறியவை. பிராமை நிறுத்தினால் உயிர் பிழைக்கும் என்றால் நானும் நிறுத்தச் சொல்வேன். ஆனால் இந்தச் சிக்கலில் உண்மையாகவே பயன் தந்தவை வேறு.

1979-இல் மெய்ன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபர்டு ஹில்ஸ் பகுதியில், பள்ளி நிறைவுக் கொண்டாட்டக் காலத்தில் மதுவும் போதையும் தொடர்பான விபத்துகளில் இளம்பிள்ளைகள் பலர் இறந்தார்கள். துக்கத்தில் இருந்த அந்த ஊர் கொண்டாட்டத்தைத் தடை செய்யவில்லை. அடுத்த ஆண்டு மது இல்லாத, இரவு முழுவதும் நீடிக்கும் விருந்தை ஊரே சேர்ந்து நடத்தியது. 'புராஜெக்ட் கிராஜுவேஷன்' என்ற பெயரில் அது நாடெங்கும் பரவிற்று. பிராம் இரவுக்கும் அதே ஏற்பாட்டை 'ஆஃப்டர் பிராம்' என்று இன்று பல பள்ளிகளின் பெற்றோர் சங்கங்கள் நடத்துகின்றன.

அப்படி ஒன்றில் நான் ஓர் ஆண்டு காவல் நின்றிருக்கிறேன். நள்ளிரவுக்குப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் கதவைச் சாத்தினோம். அதற்குமேல் வெளியே போக விரும்பும் பிள்ளையின் வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுத்தான் அனுப்பலாம். பெரிய பரிசுக்கான குலுக்கல் காலை ஐந்து மணிக்கு, பெயர் வாசிக்கும்போது ஆள் அங்கே இருக்க வேண்டும். இந்தச் சின்னத் தந்திரம் எந்தக் காவலை விடவும் நன்றாக வேலை செய்தது. மூன்று மணிக்கெல்லாம் உயரக் குதிகால் செருப்புகள் கூடைப்பந்துக் கம்பத்தடியில் குவியலாகக் கிடந்தன, நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய கவுன்களோடு பெண்கள் நீல ரப்பர் மெத்தைகளில் சுருண்டு தூங்கினார்கள். நன்றாகப் படிக்கும் பையன் ஒருவன் குலுக்கலில் ஒன்றும் கிடைக்காத கோபத்தில் ஏழு தோசைக்கல் அளவு பான்கேக்கைத் தின்று தீர்த்தான். அன்று அங்கே இருந்தவர்களில் ஒருவரும் விடியும்வரை வண்டியைத் தொடவில்லை.

சட்டமும் தன் பங்கைச் செய்தது. 1984-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியைப் பிடித்துவைப்போம் என்றது. சில ஆண்டுகளில் எல்லா மாநிலங்களும் வழிக்கு வந்தன. 21 வயதுக்குக் குறைந்த ஓட்டுநரின் இரத்தத்தில் மது 0.02 விழுக்காட்டை எட்டினாலே குற்றம் என்பது 1998-க்குள் எல்லா மாநிலங்களிலும் வந்துவிட்டது. 'என் வீட்டிலேயே என் கண் முன்னே குடிக்கட்டுமே, பாதுகாப்புதானே' என்று மற்றவர் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கும் பெற்றோரைப் பல மாநிலங்களின் சட்டங்கள் பொறுப்பாளிகளாக்குகின்றன. இதைத் தெரியாத பெற்றோர் நம்மிடையே நிறைய உண்டு.

வீட்டளவில் ஒன்று சொல்கிறேன். 1981-இல் மாசசூசெட்ஸின் வேலண்டில் மாணவர்கள் குடித்து வண்டி ஓட்டுவதை எதிர்த்துத் தொடங்கிய 'சாட்' இயக்கம், பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்திடும் ஓர் உடன்படிக்கையைப் பரப்பியது. தானோ வண்டி ஓட்டுபவரோ குடித்திருந்தால், எந்த நேரமானாலும் எந்த இடமானாலும் பிள்ளை வீட்டுக்கு அழைப்பான். பெற்றோர் கேள்வி கேட்காமல் போய் அழைத்துவருவார்கள், பேச வேண்டியதைப் பிறகு பேசிக்கொள்வார்கள். கேள்வி கேட்காமல் என்பதுதான் நம் வீடுகளில் கடினமான பகுதி. காரில் ஏறியதும் ஆரம்பித்துவிடுவோம் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் அவன் அழைக்கவே மாட்டான்.

கேள்வி: ஐயா, நான் பதினோராம் வகுப்பு மாணவி. என் தோழிகள் லிமோசினுக்குப் பங்கு போடுகிறார்கள். கவுன், கூந்தல் அலங்காரம், நுழைவுச் சீட்டு என்று கணக்குப் பார்த்தால் அம்மாவிடம் கேட்கவே தயக்கமாக இருக்கிறது. ரத்தானால் நல்லது என்றுகூடத் தோன்றுகிறது. இப்படி நினைப்பது தப்பா?
– ஒரு மாணவி, பென்சில்வேனியா

பதில்: தப்பே இல்லை அம்மா. கெல்லன்பெர்க் முதல்வர் கடிதத்தில் எழுதிய அதே உறுத்தலைத்தான் நீயும் எழுதியிருக்கிறாய்.

விசா நிறுவனம் 2013-இல் எடுத்த கணக்கில் ஒரு குடும்பம் பிராமுக்குச் செலவிட நினைத்தது சராசரி 1,139 டாலர். வருமானம் குறைந்த குடும்பங்கள் வசதியான குடும்பங்களை விடக் கூடுதலாகச் செலவழிக்கத் திட்டமிட்டிருந்தன என்பதும் அதில் தெரிந்தது. மற்றவர் முன் தன் பிள்ளை குறைந்துவிடக் கூடாது என்ற தவிப்பு அது. உன் அம்மாவுக்கும் அந்தத் தவிப்பு இருக்கும். அதனால் கேட்காமலே இருந்துவிடாதே, கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டு. முழுத் தொகையைப் பார்த்து அவர் பயப்படுவதை விட, எது வேண்டும் எது வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து அடித்துத் திருத்துவது எளிது.

உங்கள் மாணவர் சங்கத்திடமும் போய்க் கேள். சில பள்ளிகளில் லிமோசினுக்கு இடமே இல்லை. எல்லாரும் பள்ளி வளாகத்திலிருந்து ஒரே பேருந்தில் போய் ஒரே பேருந்தில் திரும்புகிறார்கள். செலவும் குறைகிறது, அந்த இரவில் யார் எங்கே போனார்கள் என்ற பெரியவர்களின் கவலையும் குறைகிறது. ஒருமுறை உடுத்திய கவுன்களைச் சேகரித்து இலவசமாகத் தரும் அமைப்புகள் நாடெங்கும் இருக்கின்றன. பள்ளி ஆலோசகரிடம் தனியே கேட்டால் அருகில் உள்ளதைச் சொல்வார், யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பிராம் மாதம் நெருங்கிவிட்டால் நல்ல அளவுகள் தீர்ந்துவிடும் என்பதால், இந்த வாரமே கேட்டுவிடு.