போட்டுக்கொண்டு வெளியே போக முடியாத உடுப்பை ஏன் தைக்கிறார்கள்?

கிளிநொச்சியில் தையல் படிக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: உடுப்பைக் கண்காட்சியிலும் மேடையிலும் காட்டுகிறார்களே, யாரும் போடாத உடுப்பு எதற்கு?

அது விற்பதற்கில்லை தங்கச்சி, துணியால் ஒன்றைச் சொல்வதற்கு. சைப்பிரசில் 1970இல் பிறந்த உடை வடிவமைப்பாளர் ஹுசைன் சலாயன், 1993இல் லண்டனில் படிப்பை முடித்தபோது, இரும்புத்தூளோடு மண்ணில் புதைத்துத் துருவேறிய உடுப்புகளைத் தோண்டியெடுத்துக் காட்டினார். என் மனதுக்கு அவருடைய ஆகச் சிறந்த வேலை அதுதான்.

2000இல் லண்டன் அரங்கொன்றின் மேடையில் ஒரு வரவேற்பறை வைத்தார். பெண்கள் வந்து நாற்காலி உறைகளைக் கழற்றி உடுத்தினார்கள். நாற்காலிகள் பெட்டிகளாக மடிந்தன. ஒருவர் வட்ட மேசையின் நடுவில் இறங்கி நின்று அதை இடுப்புவரை தூக்கினார். வளையம் வளையமாக மரப்பாவாடை! அப்புறம் எல்லோரும் போய்விட, அறை வெறுமையாகக் கிடந்தது. வீட்டை விட்டு ஓடும்போது எதைக் கொண்டுபோவது என்பதுதான் அதன் கரு. ஹேங்கரில் தொங்கவிட்டால் இது புரியாது, உடம்பு அசைய வேண்டும்.

வன்னிக்கு இதை விளக்கவும் வேண்டுமா? 2009இல் மண்மூட்டைக்குப் பையில்லாமல் சேலைகளை வெட்டித் தைத்தோம். எங்கள் பங்கர் வாசலில் அம்மாவின் கூறைச்சேலை மண்ணால் புடைத்துக் கிடந்தது, சரிகைக் கரை மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

பழைய சேலையில் அப்படி ஒரு பை தையுங்கள். சனத்துக்கு முன்னால் வைத்து, கையால் மண் அள்ளி நிரப்புங்கள்.