தொப்பியை உட்புறம் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: வெயிலுக்காக வாங்கும் பேஸ்பால் தொப்பிகள் இரண்டு மூன்று முறை துவைத்ததுமே உருக்குலைந்து, முன்விளிம்பும் நெளிந்துவிடுகிறது. நீண்ட நாள் உழைக்கும் தொப்பியை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: முன்விளிம்பு நெளிந்தது என்கிறீர்கள், பெரும்பாலும் அதனுள் இருந்தது அட்டையாகத்தான் இருக்கும். அட்டை நீரில் ஊறினால் மீண்டும் பழைய நிலைக்கு வராது. பிளாஸ்டிக் தகடு வைத்த விளிம்போ, மெல்ல வளைத்து விட்டவுடன் நிமிர்ந்துகொள்ளும். கடையிலேயே இதைச் செய்து பாருங்கள். விளிம்பின் மேல் ஓடும் தையல் வரிசைகளையும் கவனியுங்கள். அமெரிக்காவின் நியூ எரா நிறுவனம் 1954இல் அறிமுகப்படுத்திய 59ஃபிஃப்டி வகையில் எட்டு வரிசைகள் உண்டு. ஆனால் எண்ணிக்கையைவிட, வரிசைகள் இடைவெளி பிசகாமல் ஒன்றையொன்று ஒட்டி வளைவதையே நான் பெரிதாகக் கருதுவேன்.

அடுத்து, தொப்பியை உட்புறம் திருப்புங்கள். உச்சிப் பொத்தானில் வந்து சேரும் ஆறு துணித்துண்டுகளின் இணைப்புகள் அனைத்தின் மீதும் நாடா வைத்து, அதன் இரு ஓரங்களிலும் தைத்திருக்க வேண்டும். பிசிறு வெளியே தெரிந்தால் அந்தத் தொப்பி வேண்டாம். நெற்றிக்கு மேலுள்ள இரு துண்டுகளின் பின்னே, சட்டைக் காலருக்கு வைப்பதுபோல், பக்ரம் எனும் விறைப்பான துணி இருக்கும். கட்டைவிரலால் அழுத்தி விட்டால், நல்ல பக்ரம் மடிப்பு விழாமல் மீளும். பக்ரமே இல்லாத மென்மையான தொப்பியைக் குறையுள்ளது என்று ஒதுக்க வேண்டியதில்லை; பையில் மடித்து வைப்பவர்களுக்கு அதுவே ஏற்றது.

முதலில் நைந்துபோவது பெரும்பாலும் உள்விளிம்பில் தலையைச் சுற்றி வரும் வியர்வைப் பட்டைதான். அது பருத்தியாலானதாகவும், சுற்றிலும் இடைவெளியின்றித் தைக்கப்பட்டதாகவும் இருக்கட்டும். இனி தொப்பியின் துணி. அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் ஆட்டக்காரர்களே 2007இல் கம்பளித் தொப்பியை விட்டுப் பாலியெஸ்டருக்கு மாறிவிட்டார்கள். கம்பளி வியர்வையில் ஊறிச் சுருங்கக்கூடியது. பாலியெஸ்டர் விரைவில் உலரும் என்றாலும், அன்றாடம் அணிவதற்கு சாய்கோடுகள் தெரியும்படி நெய்த ட்வில் எனும் அடர்த்தியான பருத்தித் துணியையே நான் பரிந்துரைப்பேன். பின்புறம் அளவைச் சரிசெய்யும் இடத்தில் வெல்க்ரோ வேண்டாம். நூலும் தலைமுடியும் சிக்கிச் சிக்கி அதன் பிடிப்பு தளர்ந்துவிடும். உலோகப் பக்கிள் வைத்த துணிப்பட்டை அதைவிட நெடுநாள் தாங்கும்.

எவ்வளவு நல்ல தொப்பியையும் துவைப்பு இயந்திரம் பாழாக்கிவிடும். குளிர்ந்த நீரில் சிறிது சோப்பு கலந்து, வியர்வைப் பட்டையைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள்; பிழியாமல், கவிழ்த்த கிண்ணத்தின் மேல் மாட்டி நிழலில் உலர்த்துங்கள்.