பிரஷ்ஷை அவிக்க வேண்டாம், காயவிடுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு பேர். எல்லாருடைய பிரஷ்ஷும் அறையோடு சேர்ந்த குளியலறையில் ஒரே பேணிக்குள் நிற்கின்றன. பேணியின் அடியில் வழுவழுவென்று கறுப்பாகப் பிடிக்கிறது. மாமி ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாப் பிரஷ்ஷையும் கொதிதண்ணீரில் போட்டு அவித்து எடுக்கிறா. போன கிழமை வீடு தேடி வந்த ஒருவர், பிரஷ்ஷில் உள்ள கிருமியைக் கொல்லும் நீல வெளிச்சப் பெட்டி ஒன்றைத் தந்து, 7500 ரூபா காசை அடுத்த கிழமை வாங்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மாமிக்கு இழுப்பு இருப்பதால் இன்ஹேலர் பாவிக்கிறா, கட்டுப்பல்லும் போட்டிருக்கிறா, அதை இரவிலும் கழற்றுவதில்லை. இரண்டு மாதமாக வாய்க்குள் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. இது பிரஷ்ஷால் வந்ததா? பெட்டியை வாங்கலாமா? – வாசகி, கோண்டாவில்

பதில்: பெட்டியை அவர் வரும்போது திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டுக்குத் தேவையானவை ஆறு புதுப் பிரஷ்ஷும், அவை ஒன்றையொன்று முட்டாமல் நிற்க ஓர் இடமும்தான். மாமியின் வாய் தனி விடயம். அதற்குக் கீழே வருகிறேன்.

நம் வாயிலேயே கோடிக்கணக்கில் கிருமி இருக்கிறது. தீட்டி முடித்த பிரஷ்ஷில் அதில் ஒரு பங்கு ஒட்டிக்கொள்வது இயல்பு. உங்கள் வாய்க் கிருமி உங்கள் பிரஷ்ஷில் இருப்பதால் உங்களுக்கு வருத்தம் வராது. ஈரம் காயாமல் நின்றால் அது பெருகும். பக்கத்துப் பிரஷ்ஷின் தலை முட்டினால் ஒருவருடையது மற்றவருக்குப் போகும். பேணியின் அடியில் நீங்கள் பார்க்கும் கறுப்பு, ஆறு பிரஷ்ஷிலிருந்தும் வடிந்த பற்பசைத் தண்ணீர் தேங்கி, அதில் வளர்ந்த பூஞ்சணமும் கிருமியும்.

தீட்டியதும் பிரஷ்ஷின் தலையை ஓடும் தண்ணீரில் பிடித்து, பெருவிரலால் நாரை இரண்டு பக்கமும் வளைத்து, பற்பசை நுரை போகும்வரை அலசுங்கள். பத்து விநாடி போதும். பிறகு மூன்று நான்கு தரம் உதறி, தலை மேலே இருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள். அடியில் ஓட்டை உள்ள தாங்கியாக இருக்கட்டும். அதையும் கிழமைக்கு ஒருமுறை சவர்க்காரம் போட்டுத் தேயுங்கள். மலசலகூடத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். தண்ணீர் அடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் எழும்பும். கொமட் என்றால் மூடியைப் போட்டுவிட்டுத் தண்ணீர் அடிக்கலாம். குந்தும் பீங்கானுக்கு மூடியே இல்லை. ஆகவே தாங்கியைக் குளியலறைக்கு வெளியே, காற்று வரும் யன்னலோரம் மாற்றுங்கள். அங்கே கரப்பான் வரும், பற்பசை மிச்சத்தைத் தேடித்தான் வரும். வடிவாக அலசினால் பாதி வராது. மிச்சத்துக்கு, கண்ணறையுள்ள வலை மூடி ஒன்றால் கவிழ்த்து மூடுங்கள். பிரஷ்ஷோடு வரும் இறுக்கமான பிளாஸ்டிக் தொப்பி பயணத்துக்கு மட்டும். வீட்டில் அதைப் போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும். கார்த்திகை, மார்கழி மழையில் ஒரு பிரஷ் பகலுக்குள் காயாது. அந்த நாட்களில் காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அவிப்பது பற்றி. பிரஷ்ஷின் நார் நைலோன். கொதிதண்ணீரில் அதன் விறைப்புப் போய்விடும். எடுத்து ஆறவிட்டால் வளைந்தபடியே நிற்கும். வளைந்த நார் பல்லுக்கும் முரசுக்கும் நடுவிலுள்ள விளிம்பில் இறங்காமல் முரசைக் கீறும். மைக்ரோவேவில் வைப்பது அதைவிட மோசம். ஒவ்வொரு நார்க் குஞ்சத்தையும் தலையில் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன உலோகத் தகடு. அதில் பொறி பறக்கலாம்.

யாழ்ப்பாணத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருப்பவை. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைதான் பிரஷ்ஷின் குஞ்சங்களின் அடியிலும் படிகிறது. பிரஷ்ஷை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள், நார் தலைக்குள் இறங்கும் இடத்தில் சோக்குத்தூள் போல ஒரு வளையம் தெரியும். அதற்குள் அழுக்கு ஒளிந்துகொள்ளும். வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து, மாதம் ஒருமுறை அரைமணித்தியாலம் தலையை மட்டும் ஊறவிட்டு அலசினால் போய்விடும். மலக்குழிக்குக் கிட்டவுள்ள கிணறு, வெள்ளம் ஏறிய கிணறு என்றால் வாய் கொப்பளிக்கவும் பிரஷ் அலசவும் கொதித்தாறிய தண்ணீரையே எடுங்கள். கிணற்றுக்குக் குளோரின் போட உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள்.

எப்போது மாற்றுவது? மூன்று மாதம், கூடினால் நான்கு. அதற்கு முன்பே நார் விரிந்தால் அன்றைக்கே. பிரஷ்ஷைக் கவிழ்த்து முதுகுப் பக்கமாகப் பாருங்கள். தலையின் விளிம்பைத் தாண்டி நார் வெளியே தெரிந்தால் அதன் வேலை முடிந்தது. ஒரு மாதத்திலேயே விரிகிறதென்றால் கை அளவுக்கு மிஞ்சி அழுத்துகிறது, அல்லது பிரஷ் மட்டமானது. தடிமன், காய்ச்சல் வந்து போனதற்காக எறியத் தேவையில்லை. வருத்தக்காரரின் பிரஷ் மற்றவற்றோடு முட்டாமல், பற்பசைக் குழாயின் வாய் அதில் தொடாமல் இருந்தால் போதும்.

மட்டமான பிரஷ் என்றேனே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. திருவிழாக் கடைகளிலும் பஸ் நிலையத்து நடைபாதையிலும் டசின் கணக்கில் கட்டி விற்கிறார்கள். எங்கே செய்தது, மென்மையா கடினமா என்று ஓர் எழுத்து இருக்காது. நல்ல பிரஷ்ஷில் நாரின் நுனி உருட்டி மழுக்கப்பட்டிருக்கும். இவற்றில் வெட்டியபடி கூராக நிற்கும். மணிக்கட்டின் உட்புறத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள், குத்தினால் வாங்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் ஒரு குஞ்சத்தை இழுத்துப் பாருங்கள், நார் கையோடு வந்தால் அது வாய்க்குள்ளும் வரும். உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதும் எல்லாம் நல்லதென்றில்லை. ‘ஹார்ட்’ என்று போட்டிருந்தால் சப்பாத்துத் தேய்க்க வையுங்கள். வாய்க்கு ‘சொஃப்ட்’ மட்டும். வாயில் போகிற சாமானை விபரச்சீட்டே இல்லாமல் விற்க விட்டுவிட்டு, பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பிள்ளைகளின் முரசைப் பார்த்து என்ன பயன்?

அந்த நீலப் பெட்டியும் இந்த வகைதான். கிருமியைக் கொல்லும் புற ஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. நீலமாகத் தெரிவதால் மட்டும் அது வேலை செய்கிறதென்று அர்த்தமில்லை. மலிவான பெட்டிகள் சிலவற்றில் வெறும் நீல பல்ப்தான் இருக்கும். உண்மையான கதிராக இருந்தாலும் நேரே படுகிற இடத்தில்தான் வேலை செய்யும், குஞ்சங்களின் அடியில் நிழலுக்குள் போகாது. மூடியைத் திறந்தும் எரிகிறதென்றால் பிள்ளைகளின் கண்ணுக்குக் கேடு. விற்க வருபவர் உங்கள் பிரஷ்ஷைப் பூதக்கண்ணாடியில் காட்டிப் பயமுறுத்துவார். பயப்படாதீர்கள்.

இனி மாமி. வாயில் படிவது பெரும்பாலும் கன்டிடா என்ற பூஞ்சணமாக இருக்கலாம். பிரஷ்ஷில் தொடங்கியதல்ல. இழுப்புக்கான ஸ்ரீரொயிட் இன்ஹேலரின் மருந்து வாயில் தங்குவதாலும், கட்டுப்பல்லை இரவும் கழற்றாததாலும் வருவது. ஆனால் வந்தபின் பிரஷ்ஷும் கட்டுப்பல்லும் அதைத் திரும்பத் திரும்ப வாய்க்குக் கொடுக்கும். ஆகவே மூன்று மாதக் கணக்கு அவவுக்குப் பொருந்தாது. மருந்து தொடங்கும் நாளில் பிரஷ்ஷை மாற்றுங்கள், முடியும் நாளில் மறுபடி மாற்றுங்கள். கட்டுப்பல்லுக்குத் தனிப் பிரஷ் வேண்டும். அதைப் பற்பசையால் தேய்க்க வேண்டாம், கீறல் விழும், கீறலுக்குள் பூஞ்சணம் குடியேறும். சவர்க்காரம் போட்டு, அண்ணத்தில் ஒட்டும் உட்பக்கத்தையும் தேயுங்கள். 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலில் காலையும் மாலையும் 15 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். வைத்தியர் பூஞ்சணத்துக்கான நிஸ்ரற்றின் துளிமருந்து தந்தால், இந்தக் கரைசல் அதன் வேலையைக் கெடுக்கும் என்பதால் இரண்டுக்கும் நடுவில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். மருந்து விடும்போது கட்டுப்பல் வாயில் இருக்கக்கூடாது. இரவு கழற்றிச் சுத்தமான தண்ணீரில் போட்டுவிட்டுப் படுக்க வேண்டும். இன்ஹேலர் அடித்தவுடன் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இன்ஹேலரை அவவாக நிறுத்தக் கூடாது. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும், ஆனால் வெளிநோயாளர் வரிசையில் அந்த இரண்டு நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை. துண்டில் மருந்தை மட்டும் எழுதிவிடுகிறார்கள், நோய் மறுபடி வருகிறது.

இரண்டு மாதமாக இருப்பதால் இந்தக் கிழமையே பல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டுப்பல் இறுக்கித் தருவதாக வீட்டுக்கு வருபவர்களிடம் வேண்டாம், இலங்கை மருத்துவச் சபையில் பதிந்தவரிடம் போங்கள். போகும்போது இன்ஹேலரையும் கட்டுப்பல்லையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், சீனிவருத்தம் இருந்தாலும் இந்தப் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், அதைப் பார்த்த கடைசித் துண்டு இருந்தால் அதையும்.