பதில்: ஃப்ளோரைட் யானையின் தும்பிக்கை உடைந்துகொண்டே இருக்கிறது

வணக்கம். பச்சை ஃப்ளோரைட் கல்லில் யானை செதுக்கும்போது தும்பிக்கை ஒவ்வொரு முறையும் வழவழப்பாகப் பிளந்து விழுகிறது, செதுக்கும் கருவியின் முனை (பிட்) சரியில்லையா என்று கேட்டிருந்தீர்கள். பிட் மேல் தப்பில்லை. ஃப்ளோரைட்டின் கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் 4தான், செதுக்கச் சுலபம். ஆனால் அது 4 திசைகளில் சுத்தமாகப் பிளவுபடும் கல். உடைந்த முகத்தை விளக்கில் சாய்த்துப் பாருங்கள், தட்டையாகப் பளபளக்கும். தும்பிக்கையை எந்தப் பக்கம் நீட்டினாலும் ஏதோ ஒரு பிளவுத்தளம் குறுக்கே வந்துவிடும்.

அதற்காகக் கல்லைத் தூக்கிப் போட வேண்டாம், அந்தப் பச்சை வேறு எதிலும் கிடைக்காது! யானையைப் படுக்க வைத்துவிடுங்கள். தும்பிக்கை மார்போடு ஒட்டிச் சுருண்டிருக்கட்டும், காதுகள் உடம்போடு சேர்ந்திருக்கட்டும். திடீர்ச் சூடும் இந்தக் கல்லுக்கு ஆகாது. அழுத்தாமல், தண்ணீர் சொட்டச் சொட்டத் தேயுங்கள்.

தூக்கிய தும்பிக்கைதான் வேண்டுமென்றால் நெஃப்ரைட் ஜேடுக்குப் போங்கள். நுண்ணிழைகள் பின்னிப் பிணைந்த கல், லேசில் உடையாது. அகேட் கல்லும் நன்றாக வரும், ஆனால் கடினம் ஏறக்குறைய 7. வைர பிட் இல்லாமல் நடக்காது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். அகேட் முழுக்க சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். குஜராத்தின் கம்பாத்தில் அகேட் தேய்க்கும் தொழிலாளர்கள் பலர் அந்தத் தூசியால் சிலிகோசிஸ் என்ற நோய் வந்து நுரையீரல் கெட்டுப்போயிருக்கிறார்கள். எந்தக் கல்லானாலும் ஈரத்திலேயே தேயுங்கள், என்95 முகக்கவசமாவது போடுங்கள், மேசையில் காய்ந்த சேற்றை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். துடைப்பம் வேண்டாம்.