கையால் வெட்டிய இசைத்தட்டு இரைகிறதே, பழுதா?

கேள்வி: அமெரிக்காவைச் சேர்ந்த இருவர் குழு ஒன்று பிறருடைய பாடல்களைத் தாங்களே பாடி, 50 பிரதிகள் மட்டும் கைத்தயாரிப்பாக வெளியிட்ட 7 அங்குல இசைத்தட்டை வாங்கினேன். முதல் முறை ஓடவிட்டபோதே இரைச்சல் கேட்டது. ஒலியும் மற்றத் தட்டுகளைவிடக் குறைவு. இது பழுதா, ஊசிக்குக் கேடு வருமா? பாடல்களை இயற்றியவர்களுக்கு உரிமைத்தொகை சேருமா?

பதில்: கைத்தயாரிப்பு என்று போட்டிருந்தால், உறை மட்டும் கையால் அச்சிடப்பட்டதா, தட்டே கையால் வெட்டப்பட்டதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆலையில் அழுத்தி எடுக்கும் வினைல் தட்டில் நடுவிலுள்ள லேபிள் தாள், வெப்பத்திலும் அழுத்தத்திலும் தட்டோடு ஒன்றிப் போயிருக்கும். உங்கள் தட்டில் அது பசையிட்ட ஸ்டிக்கராக இருந்து, தட்டும் கண்ணாடிபோல் ஒளி புகுவதாக இருந்தால், அது பெரும்பாலும் ‘லேத் கட்’ தட்டுதான், அதாவது கடைசல் இயந்திரத்தில் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டது.

ஆலைத் தட்டுக்கு முதலில் அரக்குப் பூசிய அலுமினியத் தட்டில் பாடலை வெட்டி, வெள்ளி பூசி, நிக்கல் அச்சு எடுத்து, அதைக்கொண்டு பி.வி.சி. என்ற வினைல் பிளாஸ்டிக்கை அழுத்துகிறார்கள். அச்சுக்கான செலவு 50 தட்டுக்கும் 500 தட்டுக்கும் ஒன்றே என்பதால், மிகச் சிறிய ஆர்டர்களைப் பல ஆலைகள் ஏற்பதில்லை. லேத் கட் முறையில் அச்சே கிடையாது. பாலிகார்பனேட் அல்லது பெட்-ஜி என்ற பிளாஸ்டிக்கால் ஆன தட்டு சுழலச் சுழல, பாடல் ஓடும் அதே நேரத்தில், ஒவ்வொரு பிரதியிலும் தனித்தனியாகத் தடம் வெட்டப்படுகிறது. பக்கத்துக்கு 4 நிமிடம் என்றால், 50 பிரதிகளுக்கு வெட்டும் நேரம் மட்டுமே 6 மணி 40 நிமிடம் ஆகும். விலை கூடுவதற்கு அதுவே காரணம். நியூசிலாந்தின் ஜெரால்டைன் ஊரில் பீட்டர் கிங் என்பவர் பாலிகார்பனேட்டில் இப்படி வெட்டிக் கொடுத்ததால்தான், ஆலையை நெருங்க முடியாத எத்தனையோ சிறு குழுக்களின் பாட்டு தட்டேறியது.

அந்தப் பிளாஸ்டிக் அரக்கைப்போல் வழவழப்பாக வெட்டுப்படுவதில்லை. தடத்தின் சுவரில் எஞ்சும் நுண்ணிய சொரசொரப்பே உங்களுக்குக் கேட்கும் இரைச்சல். தடத்தையும் ஆழம் குறைவாகவே வெட்ட முடிவதால் ஒலி தாழ்கிறது. இருவர் மட்டும், அதுவும் ஒரு கிட்டாரும் குரலுமாகப் பாடியிருந்தால், இரைச்சலை மூடி மறைக்க டிரம்ஸ் போன்ற பெருவாத்தியம் இல்லை என்பதால் அது இன்னும் துலக்கமாகக் கேட்கும். பாடலின் முடிவில் ‘ஸ’ ஒலிகள் கரகரத்தால் அதற்கும் காரணம் உண்டு: நிமிடத்துக்கு 45 சுழற்சி வேகத்தில், 7 அங்குலத் தட்டின் வெளிவிளிம்பில் நொடிக்குச் சுமார் 40 செ.மீ. நீளத் தடம் ஊசியின் கீழ் ஓடுகிறது. உள்விளிம்பிலோ அது ஏறத்தாழ 25 செ.மீ.தான். குறைந்த நீளத்தில் அதே நுணுக்கத்தை அடைக்க வேண்டியிருப்பதால் உச்ச ஒலிகள் சிதைகின்றன. ஆகவே இவை எதுவும் பழுதில்லை.

வைர ஊசிக்கு இந்தப் பிளாஸ்டிக்கால் கேடு வராது. தடத்தில் தங்கிய வெட்டுத் துகள் ஊசி முனையில் சேரலாம் என்பதால், ஓடவிட்டபின் முனையைத் துலக்கிவிடுங்கள். தட்டின் நலன்தான் கவலைக்குரியது. ஊசியின் அழுத்தத்தை கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருந்தியுள்ள பாகம்) தயாரிப்பாளர் சொன்ன அளவில், பொதுவாக 2 கிராம் அளவில், வையுங்கள். கனமான ஊசியுள்ள மலிவான சூட்கேஸ் பிளேயரில் இதை ஓடவிடவே வேண்டாம். எடை குறைந்த தட்டு சுழல்மேடையில் வழுக்கினால் சுருதி ஆடும். ரப்பர் விரிப்பும் நடுவில் ஒரு சிறு எடையும் அதைத் தடுக்கும். ரசாயனம் கலந்த துடைப்பான்களைத் தவிர்த்து, கார்பன் இழைத் தூரிகையும் காய்ச்சி வடித்த நீரும் போதும் என்பேன்.

உரிமைத்தொகை பெரிய தொகையன்று. ஏற்கெனவே வெளியான பாடலை மறுபதிவு செய்ய அமெரிக்கச் சட்டத்தில் கட்டாய உரிமம் உண்டு, அதாவது குறித்த தொகையைச் செலுத்தினால் பாடலின் உரிமையாளர் மறுக்க முடியாது. 5 நிமிடத்துக்கு மிகாத பாடலுக்கு 2025-இல் தட்டு ஒன்றுக்கு 12.7 சென்ட். 50 தட்டுக்கு, ஒரு பாடலுக்கு 6.35 டாலர். அதைச் செலுத்தும் பொறுப்பு வெளியிட்டவர்களுடையது, வாங்கிய உங்களுடையதன்று.

அழுத்தத்தைச் சரிசெய்த பிறகும் ஊசி ஒரே இடத்தில் தாவினாலோ, நடுத்துளை விலகிச் சுருதி அலைந்தாலோ, அது வெட்டியவர்களின் பிழை. மாற்றுத் தட்டு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்கும்போது பிழை விழும் இடத்தைக் கைப்பேசியில் பதிந்து அனுப்புங்கள். ஒவ்வொன்றும் தனியே வெட்டப்பட்டது என்பதால், உங்கள் தட்டின் குறை மற்ற 49-இல் இருக்க வேண்டியதில்லை; கேட்டுப் பார்க்காமல் அவர்களால் அதைக் கண்டறிய முடியாது.