தக்காளிப் பெட்டியில் எந்த நாட்டின் பெயர்?

கேள்வி: ஆக்கிரமிக்கப்பட்ட மேற்கு சகாராவில் விளைகிறது என்று அறிந்ததால், இங்கே கடைகளில் விற்கும் செர்ரி தக்காளியை வாங்குவதை நிறுத்திவிட்டோம். ஒரு குடும்பம் தக்காளியை ஒதுக்குவதால் அந்த மக்களுக்கு ஏதேனும் பயன் உண்டா?
– வாசகி, லியோன், பிரான்ஸ்

பதில்: உண்டு என்றே உறுதியாக நம்புகிறேன், ஆனால் அந்தப் பயனை, அந்நிலத்தை ஆக்கிரமித்துள்ள மொராக்கோவுக்கு நேரும் பண இழப்பில் தேடாதீர்கள்.

வடமேற்கு ஆப்பிரிக்காவில் ஸ்பெயினின் காலனியாக இருந்த மேற்கு சகாராவின் மீது மொராக்கோவுக்கு இறையாண்மை இருந்ததாக நிறுவப்படவில்லை என்றும், அங்குள்ள மக்களின் சுயநிர்ணய உரிமைக்கு எதுவும் தடையாகாது என்றும் 1975 அக்டோபரில் பன்னாட்டு நீதிமன்றம் கருத்துரைத்தது. அடுத்த மாதமே, ஸ்பெயின் வெளியேறிக்கொண்டிருந்த வேளையில், மொராக்கோ எல்லையைக் கடந்து நுழைந்தது. 1991 போர்நிறுத்தத்தின்போது அந்த நிலத்தின் எதிர்காலத்தை முடிவுசெய்ய ஐ.நா. உறுதியளித்த பொதுவாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை. மேற்கு சகாராவின் மண்ணின் மக்களான சஹ்ராவிகள் லட்சத்துக்கும் மேற்பட்டோர் அல்ஜீரியாவின் தின்தூஃப் பாலைவன முகாம்களில் தலைமுறைகளாக அகதிகளாகவே வாழ்கிறார்கள். அவர்களுடைய ஒப்புதலைக் கேட்காமல், அவர்களுடைய நிலத்தடி நீரை இறைத்து, தாக்லா நகரைச் சுற்றி விளைவிக்கப்படும் தக்காளி மொராக்கோ விளைபொருள் என்ற பெயரில் கடைக்கு வரும்போது, அதை வாங்குகிறவர் தம்மையறியாமலேயே ஆக்கிரமிப்பை ஏற்றுக்கொண்டவராகிவிடுகிறார். பொய்யான பெயர், மறுக்கும் வாய்ப்பையே அவரிடமிருந்து பறித்துவிடுகிறது.

இதனால்தான் பெட்டியின் மீதுள்ள பெயருக்காக வழக்கு நடந்தது. அதைத் தொடுத்தது உங்கள் நாட்டு விவசாயிகள் சங்கம்தான். ஓர் உறுப்பு நாடு தன்னிச்சையாக இந்த இறக்குமதிக்குத் தடை விதிக்க முடியாது என்று கூறிய ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், அங்கே விளைந்த முலாம்பழத்திலும் தக்காளியிலும் மேற்கு சகாரா என்றே குறிக்கப்பட வேண்டும் என்று 2024 அக்டோபர் 4 அன்று தீர்ப்பளித்தது. அதே நாளில், மொராக்கோவுடனான வணிக, மீன்பிடி ஒப்பந்தங்கள் சஹ்ராவி மக்களின் ஒப்புதல் இல்லாதவை என்பதால் செல்லாது என்பதையும் உறுதிசெய்தது.

இத்தகைய புறக்கணிப்புக்கு முன்னுதாரணமும் உண்டு. போர்த்துகலின் பிடியில் அங்கோலா இருந்தபோது, 1972இல் நெதர்லாந்தில் எழுந்த பிரசாரத்தால் அந்நாட்டுக் காப்பி நிறுவனங்கள் அங்கோலாக் காப்பியைக் கைவிட்டன. அங்கோலாவை விடுவித்தது காப்பிப் புறக்கணிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆயினும் தொலைதூரக் காலனியப் போர் ஒன்று டச்சுக் குடும்பங்களின் அன்றாடப் பேச்சுக்கு வந்தது சிறிய காரியமன்று.

ஆனால் மேற்கு சகாராவின் முக்கிய வளமான பாஸ்பேட் உங்கள் கூடைக்கு வருவதே இல்லை. பூ கிரா சுரங்கத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமான கன்வேயர் பெல்ட்டில் கடற்கரைக்கு வந்து, கப்பலேறி உர ஆலைகளுக்குப் போய்விடுகிறது. அங்கே நீதிமன்றமே வழி. 2017இல் நியூசிலாந்து நோக்கிச் சென்ற ஒரு கப்பல் தென்னாப்பிரிக்காவில் தடுத்து நிறுத்தப்பட்டது. அதிலிருந்த பாஸ்பேட் சஹ்ராவிகளுக்கே சொந்தம் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் மறு ஆண்டு தீர்ப்பளித்தது.

2025 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் மொராக்கோவுடன் புதிய ஏற்பாடு செய்துகொண்டு, மேற்கு சகாரா என்ற பெயருக்குப் பதிலாக மொராக்கோ சூட்டிய பிராந்தியப் பெயர்களைக் குறிக்க வழிவிட்டிருக்கிறது. தீர்ப்பின் உயிரை எடுக்கும் செயல் இது. எனவே பெட்டியில் தாக்லா, லாயூன் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்; இருந்தால், நீங்கள் ஏன் வாங்கவில்லை என்பதைக் கடை நிர்வாகத்துக்கு எழுதுங்கள். சொல்லாமல் விட்டால், தக்காளி அன்று விலைபோகவில்லை என்று மட்டுமே அவர்கள் எண்ணிக்கொள்வார்கள்.