பந்தலை யாராச்சும் தூக்கிட்டுப் போவாங்களா? (வாசகர் கேள்வி பதில்)

இந்தத் தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல பைத்தான் வென்வ் பத்தித்தான். வென்வ்னா ஒரு வேலைக்கு வேண்டிய லைப்ரரியை மட்டும் தனியா வச்சுக்கிற ஃபோல்டர். கமாண்டையெல்லாம் வாயால சொல்ற மாதிரியே எழுதியிருக்கேன், நீங்க இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.

கேள்வி (மோல்மீன் வாசகர்): ஸயா (ஆசிரியரே), வணக்கம். ரங்கூன்ல இருக்கிற அண்ணன் அவரு கம்ப்யூட்டர்ல வென்வ் போட்டு, லைப்ரரி எல்லாம் ஏத்தி, அந்த ஃபோல்டரை அப்படியே பென் டிரைவ்ல காப்பி பண்ணிக் குடுத்தாரு. இங்க டேட்டா விக்கிற விலை தெரியும்ல, அதான். பவர்ஷெல்ல (விண்டோஸ்ல கமாண்ட் அடிக்கிற ஜன்னல்) ஆக்டிவேட் பண்ணா பிராக்கெட்ல வென்வ்னு ஜம்முனு வருது. ஆனா பைத்தான்னு அடிச்சா "நோ பைத்தான் அட்"னு சொல்லி அண்ணன் பேரு போட்ட பாத் ஒண்ணைக் காட்டுது. அண்ணன் பேரு என் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிஞ்சுது?

பதில்: தம்பி, பீலிக்கான் கோயில் தீமிதிக்குப் பந்தல் போடறோம், முடிஞ்சதும் பிரிச்சிடறோம், அடுத்த கோயிலுக்கு அந்தப் பந்தலையே அலாக்காத் தூக்கிட்டா போறோம்? பந்தக்கால் அந்த மண்ணுல ஊணினது. வென்வும் அப்படித்தான். அந்த ஃபோல்டருக்குள்ள பைவென்வ் டாட் சிஎஃப்ஜினு ஒரு குட்டி ஃபைல் இருக்கும், நோட்பேட்ல திறந்து பாருங்க, "ஹோம்"னு ஒரு வரி, பக்கத்துல அண்ணன் வீட்டு பைத்தான் இருக்கிற இடம் முழு விலாசத்தோட எழுதியிருக்கும். வென்வுக்குள்ள முழு பைத்தான் கிடையாது, அந்த விலாசத்துல இருக்கிற பைத்தானைக் கூப்பிடத்தான் அதுக்குத் தெரியும்.

அப்ப அந்த வரியை மாத்திட்டாப் போச்சேன்னு தோணும். நானும் ஒரு தடவை செஞ்சேன், பைத்தான் எழுந்திரிச்சிச்சு, லைப்ரரி ஏத்துற பிப் எழுந்திரிக்கல, "ஃபேட்டல் எரர் இன் லாஞ்சர்"னு கத்துச்சு, ஏன்னா ஸ்க்ரிப்ட்ஸ் ஃபோல்டர்ல இருக்கிற பிப் டாட் எக்ஸிக்குள்ளயும் பழைய விலாசம் பதிஞ்சிருக்கு, அதை நோட்பேட்ல எல்லாம் திருத்த முடியாது. ஒரு ராத்திரி போச்சு எனக்கு.

அண்ணன்கிட்ட வாங்க வேண்டியது ரெண்டே சாமான். ஒண்ணு லிஸ்ட்டு: அவரு அவரோட வென்வுக்குள்ள பிப் ஃப்ரீஸ் போட்டு, பெரிசு குறி வச்சு ரிக்வயர்மென்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டிக்கு அனுப்பணும். இன்னொண்ணு மூட்டை: பிப் டவுன்லோட், ஹைஃபன் ஆர் போட்டு அந்த லிஸ்ட்டு பேரு, ஹைஃபன் டி போட்டு ஒரு ஃபோல்டர் பேரு. லைப்ரரி எல்லாம் பெரும்பாலும் வீல் ஃபைலா (அப்படியே ஏத்தத் தயாரா கட்டின பொட்டலம்) அந்த ஃபோல்டர்ல வந்து உக்காரும், பென் டிரைவ்ல வர வேண்டியது அதுதான். இங்க நீங்க புதுசா பைத்தான் ஹைஃபன் எம் வென்வ் வென்வ்னு அடிங்க. இதுக்கு நெட்டே வேணாம், பிப் பைத்தான் இன்ஸ்டாலரோடயே 3.4லேர்ந்து சேர்ந்து வருது. ஆக்டிவேட் பண்ணிட்டு பிப் இன்ஸ்டால், ரெண்டு ஹைஃபன் நோ ஹைஃபன் இண்டெக்ஸ், ரெண்டு ஹைஃபன் ஃபைண்ட் ஹைஃபன் லிங்க்ஸ் சமம் ஃபோல்டர் பேரு, ஹைஃபன் ஆர் லிஸ்ட்டு பேரு. ஒரு எம்பி செலவாகாது.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க. வீல் ஃபைல் பேர்ல சிபி 311, வின் ஏஎம்டி 64னு இருந்தா அது பைத்தான் 3.11க்கு, 64 பிட் விண்டோஸுக்கு. உங்ககிட்ட 3.12 இருந்தா அதை ஏறெடுத்தும் பாக்காது. அண்ணன் வச்சிருக்கிற வெர்ஷனையே நீங்களும் போடுங்க.

கேள்வி (பெகு வாசகி): வென்வ் போட்டுக்கிட்டு இருக்கும்போதே கரண்ட் போச்சு. திரும்ப வந்ததும் பாத்தா ஃபோல்டர் இருக்கு, ஆனா ஆக்டிவேட் ஆகல, உள்ள இருக்கிற பைத்தானை வச்சு பிப்பைக் கூப்பிட்டா "நோ மாட்யூல் நேம்ட் பிப்"னு வருது. ஃபோல்டரை அழிச்சா இறக்கின டேட்டாவும் போயிடுமான்னு பயமா இருக்கு.

பதில்: எங்க தெருவுல "மீ லா ப்யீ" (கரண்ட் வந்துடுச்சு)னு பசங்க கத்துற சத்தம் கேட்டாத்தான் நான் கம்ப்யூட்டர் பக்கமே போறது, அதனால உங்க கஷ்டம் புரியுதும்மா. பயப்படாம அழிங்க. பைத்தானை வைக்கிற வேலை முடிஞ்சு பிப்பை வைக்கிறதுக்குள்ள கரண்ட் போயிருக்கு, அதான் பாதி வெந்த சோறு மாதிரி நிக்குது. பிப் ஒரு தடவை முழுசா இறக்கினதை கேச்னு தனியா வேற இடத்துல சேத்து வச்சிருக்கும், வென்வுக்குள்ள இல்ல, அதனால அதே கம்ப்யூட்டர்ல புதுசாப் போட்டா பெரும்பாலும் அங்கேர்ந்துதான் எடுத்துக்கும்.

கேள்வி (மாந்தளே கல்லூரி மாணவர்): ஆக்டிவேட் பண்ணவே விட மாட்டேங்குது. "ரன்னிங் ஸ்க்ரிப்ட்ஸ் இஸ் டிஸேபிள்ட்"னு செவப்பா ஒரு பாரா. வைரஸா?

பதில்: வைரஸ் இல்ல, பவர்ஷெல்லோட காவல். செட் ஹைஃபன் எக்ஸிக்யூஷன்பாலிசி, இடைவெளி, ஹைஃபன் ஸ்கோப் கரண்ட்யூசர், இடைவெளி, ரிமோட்சைன்ட். ஒரு தடவை அடிச்சா போதும், உங்க அக்கவுண்ட்டுக்கு மட்டும் மாறும். கல்லூரி லேப் கம்ப்யூட்டர்ல அதுல கை வைக்க வேணாம், பழைய கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஆக்டிவேட் பண்ணுங்க, அங்க இந்தத் தொல்லை கிடையாது. இதுவும் வேணாம்னா ஆக்டிவேட்டே பண்ணாதீங்க. அது பண்றதெல்லாம் முக்கியமா வென்வோட ஸ்க்ரிப்ட்ஸ் ஃபோல்டரைப் பாத் வரிசைல (கமாண்டை எங்கெங்க தேடணும்ங்கிற பட்டியல்) முன்னாடி நிறுத்துறதுதான், வென்வ் உள்ள ஸ்க்ரிப்ட்ஸ் உள்ள இருக்கிற பைத்தானை முழுப் பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் அதே வேலைதான் நடக்கும். இது தெரியாமலே நான் ரெண்டு வருஷம் ஓட்டினேன்.

கேள்வி (தட்டோன் வாசகர்): விண்டோஸை விட்டுட்டு உபுண்டு லினக்ஸ் போட்டேன். பிப் இன்ஸ்டால்னா "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்"னு மறுக்குது. சரின்னு வென்வ் போட்டா "என்ஷ்யூர்பிப் இஸ் நாட் அவைலபிள்"னு அதுவும் மறுக்குது. ஃப்ரெண்டு ஒருத்தன் பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்னு சேத்து அடிச்சா வேலை செய்யும்னான்.

பதில்: அந்தப் பேரை இன்னொரு தடவை வாய்விட்டுப் படிங்க, சிஸ்டத்தை உடைன்னு பேர்லயே இருக்கு. 2023ல வந்த உபுண்டு 23.04, டெபியன் 12லேர்ந்து சிஸ்டம் பைத்தான்ல பிப் கை வைக்கக் கூடாதுன்னு பூட்டிட்டாங்க, சிஸ்டத்தோட சொந்த வேலைக்கும் அதே பைத்தான்தான் ஓடுது. ரெண்டாவது எரருக்குக் காரணம் வேற, உபுண்டுல வென்வோட ஒரு பகுதி தனிப் பேக்கேஜா இருக்கு. சூடோ ஏபிடி இன்ஸ்டால் பைத்தான்3 ஹைஃபன் வென்வ். பாதில நின்ன ஃபோல்டரை அழிச்சிட்டு மறுபடி போடுங்க.

கேள்வி (ரங்கூன் வாசகி): டெர்மினல்ல பாண்டாஸ் லைப்ரரி ஏறிடுச்சு, கோட் எழுதுற விஎஸ் கோட்ல ரன் குடுத்தா இல்லைங்குது.

பதில்: விஎஸ் கோட் வேற பைத்தானைப் பாத்துக்கிட்டு இருக்கு. கன்ட்ரோல் ஷிஃப்ட் பி அமுக்கி, செலக்ட் இன்டர்ப்ரெட்டர்னு தேடி, உங்க வென்வ் பேரு போட்டதை எடுங்க. அப்பவும் வரலைன்னா நீங்க எழுதின ஃபைலுக்கே பாண்டாஸ் டாட் பிஒய்னு பேரு வச்சிருக்கீங்களான்னு பாருங்க, வச்சிருந்தா வேற பேரு மாத்துங்க.